காங்கேசன்துறையில் இறங்காதவன்

2023ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போன உல்லாசக் கப்பலில் நானும் ஒரு பயணி. கப்பல் காங்கேசன்துறையில் நின்றபோது எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. பயம்தான் காரணம் என்று இதுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. பயம் என்று சொன்னால்கூடப் பாதிதான் சொன்னதாகும். மீதிப் பாதி இதைவிட அசிங்கமானது. அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உத்திரமேரூரில் எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஏரித் தண்ணீர்தான். பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர் வைத்து வெட்டிய ஏரி. அது நிரம்பிக் கலங்கல் போனாலே ஊர் திரண்டு போய் வேடிக்கை பார்க்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு, பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, மகன் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். ஜூன் 5ஆம் தேதி மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து, சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு உல்லாசக் கப்பல் போகத் தொடங்கிய பருவம் அது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகள். ஒவ்வொன்றிலும் காலையில் இறங்கி மாலைக்குள் ஏறிவிட வேண்டும். "ஓய்வு பெற்றதுக்குப் பரிசுப்பா" என்றான். வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டிவிட்டு, அன்று இரவே நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

கப்பலில் போய் ஊர் பார்க்கப் போனவர்களுக்கு எங்கெங்கே என்னென்ன ஆனது என்று எழுதி வைக்கத்தான் அந்த நோட்டு. முதல் பக்கத்தில் துனிசியா. 2015 மார்ச் 18. துனிஸ் நகரத்தின் பார்தோ அருங்காட்சியகத்தில் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். செத்தவர்களில் பலர் அன்று காலை கப்பல்களிலிருந்து இறங்கிப் பேருந்தில் வந்தவர்கள். ஸ்பெயின் நாட்டுத் தம்பதி ஒன்று விடிய விடிய அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் நியூசிலாந்து. 2019 டிசம்பர் 9. வெள்ளைத் தீவு என்று அழைக்கப்படும் ஃபகாரி எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். அதில் 38 பேர் ஒரே கப்பலிலிருந்து வந்தவர்கள். 22 பேர் இறந்துபோனார்கள். எரிமலை உறுமுகிறது என்று எச்சரிக்கை அளவைச் சில வாரங்களுக்கு முன்பே உயர்த்தியிருந்தார்கள். ஆனாலும் சுற்றுலா நடந்துகொண்டுதான் இருந்தது. கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் சுற்றுலா என்றால் பத்திரம், நாமாகப் போனால்தான் ஆபத்து என்பார்களே, அதுவும் இங்கே செல்லவில்லை. இந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன்.

மூன்றாம் பக்கம் இலங்கைக்கு. 2019 ஈஸ்டர் ஞாயிறு, தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் குண்டுவெடிப்பு, 250க்கும் மேற்பட்டோர் பலி. 2022இல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, அதிபர் மாளிகைக்குள் ஜனங்கள், நாட்டைவிட்டு ஓடிய அதிபர். அதற்குக் கீழே கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். நார்வே குடியுரிமை பெற்ற அவர் 2013 நவம்பரில் தன் சொந்த மண்ணுக்குப் போய், விசா விதியை மீறினார் என்று கைதாகி நாடு கடத்தப்பட்டார். அந்தச் செய்தியை அப்போதே கத்தரித்து வைத்திருந்தேன். தேடியெடுத்து நோட்டில் ஒட்டினேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்த மகன் ஒன்றே ஒன்று கேட்டான். "இதுல கப்பல் எங்கப்பா?" 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கான்கார்டியா அதில் இல்லை. 32 உயிர் போனது. 2020 பிப்ரவரியில் யோக்கோகாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸும் இல்லை. உள்ளே இருந்தவர்களில் 700 பேருக்கும் மேல் கொரோனா தொற்றியது. இந்த இரண்டிலும் கப்பலுக்குள் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து. கப்பலைவிட்டு இறங்காமல் இருப்பதே பத்திரம் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் நான் ஆதாரம் தேடவே தொடங்கினேன். முடிவுக்கு ஒத்துவராதது கண்ணில் படவில்லை. நாற்பது மார்க்கு எடுக்கும் பையன்கூடப் பரீட்சையில் இப்படி எழுதமாட்டான்.

என் மனைவியிடம் இன்னொரு ஆதாரமும் காட்டினேன். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919க்கும் 921க்கும் உரியவை. வருஷா வருஷம் மாணவர்களை அங்கே அழைத்துப்போய், வாரியத்துக்கு யார் யார் வரலாம், யார் யார் வரக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான். வரக்கூடாதவர்கள் பட்டியலில் முன்பின் பார்க்காமல் துணிகிறவனும் உண்டு. "பார்த்தியா, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ல கண்மூடித்தனமா துணியிறவனைத் தள்ளி வெச்சிருக்காங்க" என்றேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "கணக்குக் காட்டாதவனையும்தாங்க தள்ளி வெச்சிருக்காங்க."

அவளுக்குத்தான் என் கணக்கு தெரியும். மதூர், சாலவாக்கம் பக்கமெல்லாம் கல்குவாரிகள். சல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் இரவு பகலாக எங்கள் சாலைகளில் ஓடுகின்றன. தார்ப்பாய் போடாத வண்டியிலிருந்து உதிர்ந்த சல்லி வளைவுகளில் சிதறிக் கிடக்கும். அதில் முன்சக்கரம் வழுக்கி நான் ஒருமுறை கையை உடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில்தான் தொங்கும், செக்கிங் கண்ணில் பட்டால்தான் தலைக்கு வரும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884. அமெரிக்க அரசு தன் மக்களுக்காக உலக நாடுகளை நான்கு படிகளில் வைத்து எச்சரிக்கிறது. அதில் இந்தியா இரண்டாம் படி, அதாவது கூடுதல் கவனத்தோடு போ என்று. நமக்கு ஒருவன் அப்படி எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. பழகிய ஆபத்தை ஆபத்தாகவே நாம் எண்ணுவதில்லை போலும்.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. நான் ஒரு மேடைப் பேச்சாளன். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்து, வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது காஞ்சிபுரத்தில் கல்லூரி மாணவன். கறுப்புச் சின்னம் குத்திக்கொண்டு ஊர்வலம் போனேன். அதற்குப் பிறகு ஈழம் பற்றி நான் பேசாத பேருந்து நிலையமோ, கோயில் திடலோ எங்கள் வட்டாரத்தில் கிடையாது. அதனால் என் பெயர் இலங்கைக் குடிவரவு அதிகாரிகளின் கணினியில் ஒரு பட்டியலில் இருக்கும் என்று நான் மெய்யாகவே நம்பினேன். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ஐம்பது பேருக்கு முன்னால் பேசியவனைக் கொழும்பு உளவுத்துறை நாற்பது வருஷம் ஞாபகம் வைத்திருக்குமாம்! இதைப் பயம் என்பதா, கர்வம் என்பதா? கர்வம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அம்பாந்தோட்டையில் இறங்காததற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. சீன நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த துறைமுகம், சிங்களப் பகுதி, நமக்கு யாரையும் தெரியாது என்றேன். மனைவியும் மகனும் போய் யானை பார்த்துவிட்டு, எருமைத் தயிர்ச் சட்டியோடு வந்தார்கள். வேன் ஓட்டிய சிங்களவர் அவளைப் பாதை நெடுக "அம்மா, அம்மா" என்று அழைத்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

திருகோணமலையில் கோணேசுவரம் இருக்கிறதே என்று இறங்கினேன். அந்தக் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்துதான் போகிறது. கோட்டையில் இராணுவம். வாசலில் துப்பாக்கியோடு ஒரு பையன், என் கடைசி வருஷ மாணவர்கள் வயதுதான் இருக்கும். எங்கள் பேருந்து நின்றது. எனக்குள் ஒன்றும் நிற்கவில்லை, தாறுமாறாக ஓடியது. அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. புள்ளிமான் ஒன்று சாலையின் நடுவில் நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அது தின்று முடித்து ஓரம் போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கையைக் காட்டினான். பேருந்து நகர்ந்தது. அந்தக் கோட்டைக்குள் மான்கள் எப்போதும் அப்படித்தான் திரியுமாம். கோயிலில் சாமி கும்பிட்டேனா என்றுகூட நினைவில்லை, திரும்பும்போது அதே வாசலைத் தாண்ட வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது.

அன்றிரவு மகனிடம் மூட்டு வலிக்கிறது என்றேன். காங்கேசன்துறைக்கான பொய்யை அப்போதே தயார் செய்துவிட்டேன்.

காங்கேசன்துறையில் எனக்காக ஒருவர் காத்திருப்பார் என்பது முன்பே முடிவானது. அவரைத் தையல்காரர் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். தெல்லிப்பழைப் பக்கத்துக்காரர். 1990இல் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகி ஊரே காலி செய்யப்பட்டபோது, படகில் இராமேசுவரம் வந்து, முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு உத்திரமேரூரில் ஒரு சந்தில் மெஷின் போட்டார். நான் மேடை ஏறும் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை. பேச்சுக் குறிப்பு வைக்க உள்பக்கத்தில் ஒரு சின்னப் பை வைத்துத் தைப்பார், கேட்காமலே. அவருடைய மண்ணைப் பற்றி அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நான் முழங்குவேன். அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. அகதிகள்மேல் தமிழ்நாட்டுக் காவல்துறையின் கியூ பிரிவின் கண் இருந்த காலம், வந்தால் அவருக்குத்தான் வினை. கூட்டம் முடிந்து மறுநாள் கடைக்குப் போனால், "சட்டை பிடிக்குதோ அண்ணை, கக்கத்திலை இறுகேல்லையோ?" என்று மட்டும் கேட்பார்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். எங்கள் மாவட்டத்துக்குள்தான் ஸ்ரீபெரும்புதூர். ஒரே இரவில் ஊர் மாறிப்போனது. அகதிகளுக்கு வாடகைக்கு விட்டவர்கள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் சேர்க்கத் தயங்கினார்கள். ஈழம் பற்றிப் பேசியவர்கள் வீட்டிலிருந்த படங்களைக் கழற்றி அடுப்பில் போட்டார்கள். நானும் போட்டேன். தையல் கடை இருந்த சந்தை விட்டு, தேரடி வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகத் தொடங்கினேன். துணி கொடுத்திருந்தேன், வாங்கப் போகவில்லை. ஒருநாள் ஒரு பையனிடம் சட்டைகளைத் தேய்த்து மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். கூலி எவ்வளவு என்று சீட்டுக்கூட இல்லை. நானும் அனுப்பவில்லை.

அடுத்த வாரம் விசாரணைக்கு வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, "அந்த ஆளை உங்களுக்கு நல்லாத் தெரியுமாமே சார்?" என்று கேட்டார்கள். மிரட்டவெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். "துணி தைப்பார்னு தெரியும். மத்தபடி எனக்கொன்னும் தெரியாதுங்க" என்றேன். நல்ல மனிதர், குடும்பஸ்தர், ஒரு வம்புக்கும் போகாதவர் என்று மூன்று சொற்கள் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விட்டால் என்ன செய்வது, குழந்தை கைக்குழந்தை என்று அப்போதும் பாதுகாப்பைத்தான் எண்ணிப் பார்த்தேன். அவரைக் கூட்டிப்போய் மறுநாள் மாலையில் அனுப்பினார்கள். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. சில மாதங்களில் ஊர் ஆறியது, நானும் பழையபடி அந்தச் சந்து வழியாகப் போனேன். அவர் பழையபடி அளவெடுத்தார். திண்ணையில் நான் சொன்னது அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போர் முடிந்து சில ஆண்டுகளில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். நிலம் கைக்கு வர மேலும் காலமானது, வீட்டில் அடித்தளம் மட்டும் மிச்சம். போனில் மட்டும் தொடர்பு. கப்பல் அவருடைய ஊரிலேயே நிற்கப்போகிறது என்றதும் குழந்தைபோலக் குதித்தார். "துறைமுக வாசல்லை நிப்பன் அண்ணை. கீரிமலைக்குப் போவம், வீட்டுக்குப் போவம், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

ஆக, நோட்டில் நான் எழுதிய துனிசும் எரிமலையும் ஜெயபாலனும் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அந்தப் பயங்கள் பொய்யல்ல. கோட்டை வாசலில் என் உள்ளங்கை வியர்த்தது பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கு அடியில், அந்த மனிதர் முகத்தை அவர் மண்ணில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற பயமும் இருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரிக்க என்னால் ஆகவில்லை. பிரிக்க முயன்றால் எனக்குச் சாதகமாகத்தான் பிரிப்பேன்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கைப் பயணிகளை நம் ஊர்களில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள், அவர்கள் போன பேருந்துகளைத் தாக்கினார்கள். தமிழ்நாட்டுக்குப் போகாதீர்கள் என்று இலங்கை அரசே தன் மக்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. கும்பிட வந்தவர்கள் அவர்கள், பிள்ளைகளும் பெண்களும் இருந்தார்கள். அன்று டீக்கடையில், "வரட்டும், வந்தா இப்படித்தான்" என்று நான் சொன்னேன். நான்கு பேர் தலையாட்டினார்கள். பதினோரு வருஷம் கழித்து அம்பாந்தோட்டையில் என்னை யாராவது இப்படிச் செய்வார்களோ என்று நடுங்கியவனும் நான்தான். நாம் செய்யத் தயாராக இருப்பதைத்தான் மற்றவன் செய்வான் என்று எதிர்பார்க்கிறோம்.

காங்கேசன்துறையில் மேல்தளத்துக்குப் போய் நின்றேன். பழைய சிமெண்டு ஆலை பாழடைந்து நின்றது, அதைத் தாண்டிப் பனைமரங்கள். நல்ல வெயில். இறங்கிப்போகிற கூட்டத்தில் மனைவியின் பச்சைச் சேலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது அங்கிருந்து தெரியாது, தெரிந்திருந்தாலும் நான் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாம் இருந்தது. போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மாலையில் அவர்கள் இரண்டு பையோடு வந்தார்கள். ஒன்றில் புழுக்கொடியலும், பனையோலைக் குட்டான்களில் பனங்கட்டியும். இன்னொன்றில் ஒரு வெள்ளைச் சட்டை. அளவு நினைவிலிருந்தே தைத்திருக்கிறார். உள்பக்கத்தில் அந்தச் சின்னப் பை இருந்தது. "வாசல்ல வெயில்ல நின்னுட்டு இருந்தாருங்க. நீங்க வரலைன்னதும் முதல்ல கால் வலிக்கு என்ன எண்ணெய் போடறீங்கன்னுதான் கேட்டாரு" என்றாள். தகப்பன் சுகமில்லாமல் கப்பலில் இருக்கிறாரே, சீக்கிரம் போங்கோ என்று கீரிமலைக்கு மட்டும் கூட்டிப்போய்விட்டு நேரத்தோடு அனுப்பிவைத்திருக்கிறார். வீட்டில் அவர் மனைவி சமைத்து வைத்திருந்த சாப்பாடு அப்படியே நின்றுபோனது. சட்டை எனக்குக் கக்கத்தில் கொஞ்சம் இறுகுகிறது, நான் பெருத்துவிட்டேன்.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டிருக்கிறார்கள். 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேரத்தான் அதைவிட நேரமாகும். அவர் போன் செய்து, "அண்ணை, ஆறுதலா வாங்கோ, ரெண்டு நாள் நில்லுங்கோ" என்கிறார். மழைக்காலம் முடியட்டும் என்றேன். முடிந்தது. வெயில் தணியட்டும் என்றேன். போன மாதம் நான் அப்படி ஏதோ சொல்லத் தொடங்கியபோது மனைவி போனைப் பிடுங்கி, "கால் நல்லாத்தாங்க இருக்கு இவருக்கு, அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துது" என்று போட்டு உடைத்துவிட்டாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அது எனக்கு அப்பவே தெரியும் அக்கான்னு சொல்றாரு" என்றாள்.

எது தெரியும்? மூட்டுவலி பொய் என்பது மட்டுமா, திண்ணையில் சொன்னதும் சேர்த்தா? இது அச்சுக்குப் போகும் முன்னால் 1991ஐப் பற்றி நானே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்கிறாள் என் மனைவி. நியாயம்தான். எண் கையில்தான் இருக்கிறது. நேற்று ஒருமுறை அழைத்தேன். மணி அடிக்கத் தொடங்கியதும், அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.